துரையின் மணல் தட்டு

மூக்கக்காவின் சலவைக்கடையில் எந்த நாற்றமும் ஒரு பகல் தாண்டி உயிரோடு இருந்ததில்லை. மீன் வெட்டுகிறவரின் மேலங்கி, ஆஸ்பத்திரி ஆயாவின் சீருடை, பச்சைக்குழந்தை கக்கிய போர்வை, எது வந்தாலும் முதலில் அவள் மூக்குக்குப் போகும், அப்புறம்தான் மெஷினுக்கு. "இது டீ இல்ல, காப்பி. அதுவும் இன்னைக்குக் கொட்டினது இல்ல, சும்மா சொல்லாதீங்க" என்று துணி கொண்டு வந்தவரின் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். தெருவில் அந்தப் பெயர் விழுந்தது அப்படித்தான். அவளுக்கும் அதில் கோபமில்லை, உள்ளூரப் பெருமைதான். துணி என்று வந்த எதையும் முடியாது என்று அவள் திருப்பி அனுப்பியதே கிடையாது. கறை எடுப்பது எப்படி என்று யாராவது கேட்டால், "எதுல வந்த கறைன்னு முதல்ல தெரிஞ்சுக்க. தெரியாம தண்ணியில போடாத" என்பாள். அதற்கு மேல் தொழில் ரகசியம் எதுவும் அவளிடம் இல்லை.

அப்பேர்ப்பட்டவளின் கடையிலிருந்து போன மேசைவிரிப்பு ஒரு மழைநாள் மத்தியானம் திரும்பி வந்தது.

அவள் வீட்டுக்காரர் வேனை வாசலில் நிறுத்திவிட்டு, நனைந்த தலையோடு மூட்டையைக் கொண்டுவந்து மேசையில் பொத்தென்று போட்டார். துணியை எடுத்து வருவதும் கொடுத்து வருவதும் அவர் வேலை. மூட்டையைப் போட்ட விதத்திலேயே விஷயம் சரியில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"என்னங்க, குடுக்கப் போனத அப்படியே கொண்டாந்துட்டீங்க?"

"அப்படியே எங்க? சூப்போட கொண்டாந்திருக்கேன்."

"என்ன சூப்பு?"

"ஹோட்டல்ல சாப்பிட வந்த ஒருத்தர் கைபட்டு சுடச்சுட சூப்பு கொட்டிருச்சாம். கொட்டினதுதான் தாமதம், விரிப்புலருந்து பூனை எந்திரிச்சு வந்துருச்சு. பூனைன்னா நாத்தம். மேசைல இருந்த அத்தன பேரும் மூக்கப் புடிச்சுக்கிட்டு எந்திரிச்சுட்டாங்களாம். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, உங்க வீட்டுல பூனை இருக்கான்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இருக்குன்னேன்."

"ஏங்க சொன்னீங்க?"

"பின்ன, பூனை இல்ல, புலி இருக்குன்னா சொல்ல முடியும்? இன்னொரு தடவ இப்படி வந்தா வேற கடையப் பாத்துக்கறோம்னு சொல்லிட்டாரு."

மூக்கக்கா விரிப்பை எடுத்தாள். காய்ந்த ஓரத்தை மோந்தாள். எலுமிச்சை வாசனை. அவளே கடைசி அலசலில் ஊற்றுகிற வாசனைத் திரவம். சூப்பு கொட்டிய ஈரத்தை மோந்தாள். சந்தேகமே இல்லை, பூனை மூத்திரம். ஹோட்டல் போய்விடுமோ என்ற பயத்தைவிட, தன் மூக்கைத் தாண்டி ஒரு துணி வெளியே போயிருக்கிறதே என்பதுதான் அவளைச் சுருக்கென்று குத்தியது.

மழை ஆரம்பித்ததிலிருந்தே துரையின் அட்டகாசம் நடந்துகொண்டுதான் இருந்தது. துரை என்பது பூனை. சாம்பல் நிறம், கொழுத்த கன்னம், யார் கூப்பிட்டாலும் யோசித்துவிட்டு வருகிற நடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. நடுவிலிருந்த மெஷின் ரூமில், துணி உலர்த்தும் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே அதற்கென்று ஒரு மணல் தட்டு. வந்த புதிதில் ஒழுங்காக அதில்தான் போய்க்கொண்டிருந்தது. மழையும் ஹோட்டல் துணியும் ஒன்றாக வந்து சேர்ந்தபோதுதான் புத்தி மாறியது. துவைக்க வந்து கிடக்கும் அழுக்கு மூட்டைகளில் ஏறி, கால் பாவி நின்று, காரியத்தை முடித்துவிட்டு, மேலே மண் தள்ளுவதைப் போல வெறும் காற்றில் பிறாண்டிவிட்டுப் போகும். அவளும் அந்த மூட்டையைக் கொதிக்கிற தண்ணீரில் ப்ளீச்சிங் போட்டு இரண்டு தடவை ஓட்டி, வாசனைத் திரவத்தைத் தாராளமாக ஊற்றி, தீர்ந்தது என்றுதான் நினைத்திருந்தாள்.

"தம்பி, இங்க வா" என்று கூப்பிட்டாள்.

இஸ்திரி மேசையிலிருந்து கொழுந்தன் வந்தான். வீட்டுக்காரருக்கு இளையவன். அவன் மனைவி போன வருஷம் காய்ச்சலில் படுத்து எழுந்திருக்கவே இல்லை. இரண்டு தெரு தள்ளிக் குடித்தனம் இருந்தவன், ஒரு பெட்டியும் ஒரு பூனையுமாக அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். பூனை அவள் வளர்த்தது. துரை என்று பெயர் வைத்தவளும் அவள்தான்.

"இத நீதானே தேய்ச்ச? ஆவி படறப்ப நாத்தம் வரலையா?"

அவன் விரிப்பைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "வந்துச்சு அண்ணி. லேசா."

"வந்துச்சா! அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா துரைய அனுப்பிடுவீங்கன்னு..." என்று இழுத்தான். "வாசனைத் தண்ணிய தெளிச்சு மடிச்சுட்டேன்."

வீட்டுக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏண்டா, நம்ம பொழப்பே வாசனைய வச்சுத்தான்டா ஓடுது! அது வேணும்னே பண்ணுது. நேத்து என் ஜாக்கெட்டுல பெஞ்சு வச்சிருக்கு, வேன் சீட்டுல கழட்டிப் போட்டிருந்தேன். எனக்கும் அதுக்கும் என்ன பாகப்பிரிவினையா?"

"அது வேணும்னு பண்ணல அண்ணா. அவள தேடுது." கொழுந்தனின் குரல் இறங்கிவிட்டது. "பக்கத்து சலூன்காரரும் அதான் சொன்னாரு. வளர்த்தவங்க போயிட்டா அதுங்க இப்படித்தான் ஏக்கத்துல பண்ணுமாம். நான் வாய்விட்டு அழுவறேன், அதுக்கு அழத் தெரியல, இப்படிப் பண்ணுது."

வீட்டுக்காரர் துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினார். கோபத்தைத் துண்டால் துடைக்க முடியுமா, பாதிதான் போனது.

"ஏக்கமோ என்னவோ. என் கூட்டாளி தானியக் குடோன்ல எலித்தொல்லை. பூனை வேணும்னு ரொம்ப நாளா கேக்கறான். ஞாயித்துக்கிழமை கொண்டு போய் விட்டுடறேன். ராஜாவாட்டம் இருக்கும்."

"சரிண்ணா" என்றான் கொழுந்தன். போய் மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தான். அவன் அவ்வளவு சீக்கிரம் சரி என்று சொன்னது மூக்கக்காவுக்குப் பிடிக்கவில்லை. சாயங்காலம் பரண் மேலிருந்து அவன் பெட்டி கீழே இறங்கியிருந்தது. பஸ் டிப்போ பக்கம் ஒற்றை அறை ஒன்று காலியாக இருக்கிறதாம், சலூன்காரர் விசாரித்துச் சொல்வதாக இருக்கிறாராம். பூனை குடோனுக்குப் போனால் அவனும் போய்விடுவான், கண்டிப்பாகப் போய்விடுவான். போய் அந்த அறையில் சமைக்காமல், தலை சீவாமல், மனைவி செத்த சமயத்தில் இருந்ததைப் போலவே மறுபடியும் ஆகிவிடுவான். மூக்கக்கா அதை மட்டும் நடக்க விடுவதாக இல்லை.

மறுநாள் காலையிலேயே கூடையில் துரையை அடைத்துப் பூனை டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு போனாள். வழியெல்லாம் துரை பாகவதர் மாதிரி பாடியது. டாக்டரம்மா அதன் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், மூத்திரம் எடுத்துச் சோதித்துப் பார்த்தார்.

"முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டா போகுதா?"

"சொட்டா? ஒரு மூட்டையே நனையுது டாக்டர்."

"நல்லது. ஆண் பூனை உக்காந்து உக்காந்து எந்திரிச்சு, ஒண்ணும் வரலேன்னா மட்டும் ஒரு நிமிஷம் காத்திருக்கக்கூடாது, உடனே தூக்கிட்டு வரணும். உயிருக்கே ஆபத்து. இதுக்குக் கல்லும் இல்ல, சீழும் இல்ல. குடும்பக் கட்டுப்பாடும் ஏற்கெனவே பண்ணியாச்சு. உடம்புல ஒரு குறையும் இல்ல."

"அப்ப திமிருதான்."

டாக்டரம்மா சிரித்தார். "பூனைக்கு நம்மள பழிவாங்கத் தெரியாதும்மா. அதுக்கு அங்க போகப் பிடிக்கல, வேற இடத்துல போகுது. தட்டுல ஏதோ மாறியிருக்கு. என்னன்னு பாருங்க."

"தட்டா?" மூக்கக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நாங்க சாப்பிடற தட்ட விட அது சுத்தம் டாக்டர். முன்னெல்லாம் என் கொழுந்தன் வெறும் தண்ணியில அலசிக்கிட்டு இருந்தான். ஹோட்டல் துணி வர ஆரம்பிச்சதும் நானே கையில எடுத்துக்கிட்டேன். தினம் ப்ளீச்சிங், தினம் வாசனைத் தண்ணி. நீங்க வந்து மோந்து பாருங்க."

டாக்டரம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அடிபட்ட நாயோடு ஒரு குடும்பமே அழுதுகொண்டு உள்ளே வந்துவிட்டது. மூக்கக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். உடம்பில் ஒன்றுமில்லை என்று தெரிந்ததே பாதி நிம்மதி. மீதிப் பாதியை நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அவளுக்குத் தன்மேல் எப்போதும் நம்பிக்கை அதிகம்.

அன்று தட்டை இன்னும் அழுத்தித் தேய்த்துக் கழுவி, போதாததற்கு மணலிலும் கொஞ்சம் வாசனைத் தண்ணீர் தெளித்தாள். துரை வந்தது. தட்டின் விளிம்பு வரை போய், ஒரு முன்காலைத் தூக்கி உதறிவிட்டு, திரும்பி நேராக ஆஸ்பத்திரிச் சீருடை மூட்டையில் ஏறியது.

"அடப்பாவி! நோயாளிங்க பாவத்தையும் சேத்து வாங்கிக்கற" என்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

சனிக்கிழமை மழை விடவே இல்லை. கொடியில் போட்டது எதுவும் காயாமல், உலர்த்தும் மெஷின் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. வீடெல்லாம் வெதுவெதுப்பான ஈரம். வீட்டுக்காரர் வேனில் போயிருந்தார். கொழுந்தன் அறை பார்க்கப் போயிருந்தான். அவள் அடுப்பில் சூப்பை வைத்துவிட்டு, துரை எங்கே என்று தேடினாள். மெஷின் ரூமில் இல்லை. மூட்டைகள் மேல் இல்லை. கொழுந்தன் அறைக் கதவு ஒருக்களித்துக் கிடந்தது. கட்டில் மேல் பெட்டி திறந்தபடி இருந்தது. உள்ளே, அடியில் மடித்து வைத்த ஒரு பச்சை ஸ்வெட்டர் மேல், துரை சுருண்டு படுத்துக் கிடந்தது.

அந்த ஸ்வெட்டர் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். அவள் ஓரகத்தியினுடையது. படுக்கையில் விழும்வரை அதைக் கழற்றாமல் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஸ்வெட்டர் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து துவைக்கப்படவில்லை என்பதும் மூக்கக்காவுக்குத் தெரியும். எந்த அழுக்குத் துணியையும் கண்ணில் பட்டவுடன் உருவிக்கொண்டு போகிறவள், அதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"ஐயோ துரை, இதுல பெஞ்சிராதடா, அவன் தாங்க மாட்டான்" என்று பூனையை இரண்டு கையாலும் அள்ளித் தரையில் விட்டாள். ஸ்வெட்டரை எடுத்துத் தடவிப் பார்த்தாள். ஈரமில்லை. கை சொன்னதை அவள் என்றைக்கு நம்பினாள்? முகத்தை அப்படியே அதில் புதைத்து மோந்தாள்.

பூனை இல்லை. பவுடர். கொஞ்சம் வேர்வை. காய்ச்சல் மருந்து. சிரித்தால் மூச்சு வாங்குகிறவரை சிரிக்கிற ஒரு பெண். இருவரும் போட்ட சண்டைகள் எல்லாம் நினைவுக்கு வந்து மூக்கக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. நின்ற இடத்திலேயே உட்கார்ந்து, முகத்தை எடுக்காமல் கொஞ்ச நேரம் அழுதாள். அழுது ரொம்ப நாளாகிவிட்டதால் நன்றாகவே வந்தது.

அடுப்பு ஞாபகம் வந்து, ஸ்வெட்டரிலிருந்து முகத்தை எடுத்துக்கொண்டு எழுந்து, மெஷின் ரூம் வழியாகச் சமையலறைக்கு ஓடினாள். பாதி வழியில் நின்றுவிட்டாள்.

பளீரென்று முகத்தில் அறைந்தது. ப்ளீச்சிங் மூக்கின் உச்சியில் ஏறியது, எலுமிச்சை தொண்டையைப் பிடித்தது. கண் எரிந்தது. என்ன இது, எதையாவது கொட்டிவிட்டேனா என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். எதுவும் கொட்டவில்லை. குனிந்து பார்த்தாள். உலர்த்தும் மெஷினின் சூட்டில், ஈர வாசனைத் திரவத்தோடு, மணல் தட்டு ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"அட மூதேவி" என்றாள். பூனையைச் சொல்லவில்லை.

ஊரிலுள்ள நாற்றத்தை எல்லாம் கண்டுபிடிக்கிறவளுக்குத் தன் கடை வாசனை மட்டும் தெரியாமல் போயிருக்கிறது. காலையிலிருந்து ராத்திரி வரை அதிலேயே கிடந்து மூக்கு மரத்துவிட்டது. ஸ்வெட்டருக்குள் புதைந்து கிடந்த கொஞ்ச நேரத்தில்தான் அது தெளிந்திருக்கிறது. அவள் உயரத்துக்கே இப்படி என்றால், தட்டில் கால் வைத்து, தரையோடு மூக்கை வைத்துப் போக வேண்டிய ஜீவனுக்கு எப்படி இருக்கும்? அது எங்கே போகும்? வீட்டில் சோப்புப் படாத இடம் எது என்று தேடிப் போயிருக்கிறது. அழுக்கு மூட்டை. வீட்டுக்காரர் ஜாக்கெட். அதற்குப் பிறகு நாமும் சும்மா இருந்தோமா? எதில் வந்த கறை என்று பார்க்காமல் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, நூலோடு நூலாக அதை வேகவைத்து உள்ளே இறக்கி, மேலே எலுமிச்சையைப் பூசி அனுப்பியிருக்கிறோம். வாடிக்கையாளருக்கெல்லாம் பாடம் எடுத்தவள், தன் வீட்டில் அந்தப் பாடத்தை மறந்தேபோனாள்.

வெட்கம் வந்தது, போனது. வெட்கப்பட்டுக்கொண்டு உட்காருகிற பொம்பளை இல்லை அவள். ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். ஸ்வெட்டரை இருந்த மடிப்பிலேயே பெட்டியில் வைத்தாள். பழைய தட்டைக் குப்பையில் போட்டாள், பிளாஸ்டிக் குடித்த வாசனை இனிமேல் போகாது. மழையில் குடை பிடித்துக்கொண்டு போய்ப் புதுத் தட்டு இரண்டும், வாசனை போடாத மணலும் வாங்கி வந்தாள். கடைக்காரர், "லேவண்டர் வாசனை போட்டது இருக்குக்கா, நல்லா போகுது" என்றார். "அத நீ தலையில தடவிக்க, எனக்கு மண்ணு மாதிரி மண்ணு குடு" என்றாள். ஒரு தட்டை மெஷின் சத்தம் கேட்காத வீட்டு நடை மூலையில் வைத்தாள். இன்னொன்றைக் கொழுந்தன் அறையில் ஜன்னலுக்குக் கீழே வைத்தாள். இரண்டையும் வெறும் வெந்நீரில் மட்டும் அலசினாள். ஹோட்டல் விரிப்புகளைப் பச்சைத் தண்ணீரில் அலசி, முட்டைக் கறைக்கும் ரத்தக் கறைக்கும் போடுகிற தூளைக் கரைத்து ஊறப்போட்டாள். மூட்டை கிடந்த தரையையும் அதே தண்ணீரால் துடைத்தாள். ஒரு சொட்டு வாசனை சேர்க்கவில்லை. கை தானாக அந்தப் பாட்டிலைத் தேடிப்போனது, தானே கையைத் தட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்து சூப்புக் கிண்ணத்தைக் கையில் எடுத்தார். அவள் வந்து கிண்ணத்தை அப்படியே வாங்கி, உலர்ந்த மேசைவிரிப்பின் நடுவில் ஊற்றினாள்.

"ஏய், பைத்தியமா புடிச்சிருக்கு உனக்கு? பசியோட வந்திருக்கேன்!"

"மோந்து பாருங்க."

"எத?"

"விரிப்பத்தான். நான் மோக்கறது இனிமே செல்லாது, என் மூக்கு லீவுல இருக்கு. நீங்க பாருங்க."

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் குனிந்தார். "சூப்பு வாசனை வருது."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, மிளகு தூக்கல்."

"பூனை?"

மறுபடி குனிந்தார். நிமிர்ந்தவரின் முகம் மாறியிருந்தது. "இல்லையே!"

"இல்லல்ல? திங்கக்கிழமை நானே ஹோட்டலுக்கு வரேன். அந்த மேனேஜர் முன்னாடியே வெந்நீ ஊத்திக் காட்டறேன்."

"அதெல்லாம் சரி. நாளைக்குப் பூனைய கொண்டு போறதா சொல்லிட்டேன், அவன் காத்துக்கிட்டு இருப்பான்."

"வேன எடுங்க, வேணாம்னு சொல்லல. காலைல அது எங்க போகுதுன்னு பாத்துட்டு எடுங்க."

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது மழை விட்டிருந்தது. வீட்டு நடையில் மூன்று பேரும் சுவரோடு சுவராக நின்றார்கள். வீட்டுக்காரர் கையில் வேன் சாவி. கொழுந்தன் கையில் கூடை. வரமாட்டேன் என்று முதலில் சொன்னவன், கடைசியாக ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன் என்று வந்து நின்றான். துரை அறையிலிருந்து வெளியே வந்தது. மூன்று பேரையும் பார்த்தது. சோம்பல் முறித்தது. மூட்டைகள் இருக்கும் பக்கம் நாலடி வைத்தது.

"போச்சு" என்றார் வீட்டுக்காரர்.

"சும்மா இருங்க."

மூட்டை இருந்த தரையை மோந்தது. திரும்பியது. தட்டுக்கு வந்தது. விளிம்பை மோந்தது, மணலை மோந்தது, உள்ளே ஒரு கால் வைத்தது, அப்புறம் இன்னொன்று. பரபரவென்று குழி பறித்தது. உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல், எங்கேயோ தூரத்தில் கணக்குப் போடுகிறவரைப் போல முகத்தை வைத்துக்கொண்டது. சத்தம் கேட்டது. சின்னச் சத்தம்தான், ஆனால் மூன்று பேருக்கும் நன்றாகக் கேட்டது.

"இது மூத்திரம் போறதப் பாக்கறதுக்கு மூணு பேரு கைகட்டி நிக்கறோம் பாரு" என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்காரர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "அவனுக்கு எலிப்பொறி வாங்கிக் குடுத்துடறேன். டீ போடு."

கொழுந்தன் மட்டும் கூடையைக் கீழே வைக்காமல் நின்றான். "எப்படி அண்ணி? என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல தம்பி. பண்ணிக்கிட்டு இருந்தத நிறுத்தினேன். எல்லாம் என்னால வந்த வினைதான். சுத்தம் பண்றேன்னு அதோட தட்ட நான் விஷமாக்கி வச்சிருந்தேன். ப்ளீச்சிங்கும் வாசனைத் தண்ணியும் அதுக்கு ஆகல. அதான் வாசனை இல்லாத துணியாப் பாத்துப் போயிருக்கு."

சந்தோஷப்படுவான் என்று நினைத்தாள். அவன் முகம் சந்தோஷப்பட்டது, உடனே வாடியும் போனது.

"அப்ப... அவள தேடிப் பண்ணலையா? சோப்புதானா?"

"சோப்புதான்."

"நான் என்னமோ, நான் மட்டும் இல்ல, அதுவும்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன் அண்ணி." அவன் கூடையின் பிரம்பைத் திருகினான். "மறந்துருச்சு போல. பூனைதானே."

மூக்கக்காவுக்குப் பொறுக்கவில்லை. "யாரு சொன்னா மறந்துருச்சுன்னு? இங்க பாரு. இந்த வீட்டுல சோப்பு படாத துணி எங்க கெடந்தாலும் தேடிப்போய்ப் பெஞ்சுச்சு. உங்க அண்ணன் ஜாக்கெட்ட விட்டுச்சா? ஆஸ்பத்திரி மூட்டைய விட்டுச்சா? உன் பெட்டில ஒரு துணி இருக்கு. இந்த வீட்டுலயே ரொம்ப நாளா சோப்பு படாத துணி அதுதான். நேத்து அது மேலதான் இவன் படுத்திருந்தான். ஒரு சொட்டு பெய்யல. படுத்துத் தூங்கினான்."

கொழுந்தன் கூடையைக் கீழே வைத்தான். "உங்களுக்குத் தெரியுமா, அது இருக்கறது?"

"நீ வந்த அன்னைக்கே தெரியும். என் பேரு என்ன?"

அவன் அறைக்குள் போனான். பெட்டியை மூடுகிற சத்தமும், பரணில் ஏற்றுகிற சத்தமும் கேட்டது. அவள் டீ போடத் திரும்பினாள். கொஞ்ச நேரத்தில் அவன் பின்னால் வந்து நின்றான். கையில் பச்சை ஸ்வெட்டர். இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டிருந்தான்.

"அண்ணி, இத இப்படியே வச்சுக்கிட்டு இருக்கறது சரியில்ல இல்ல? உங்க கைப்படவே துவைச்சிடுங்க. வேற யாரும் வேணாம்."

அவன் மனசு வந்து கொடுக்கிறானா, அண்ணியின் கடைக்குக் கட்டுப்பட்டுக் கொடுக்கிறானா என்று அவள் ஒரு கணம் பார்த்தாள். விரல்கள் துணியை விடவில்லை.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. கடை லீவு" என்றாள்.

"நாளைக்கு?"

"நாளைக்கும் முடியாது தம்பி. இது நம்ம கடையில துவைக்கற துணி இல்ல. கொண்டு போயி துரை படுக்கற எடத்துல போடு."

டீ பொங்கி வந்தது. அவள் அடுப்பைத் தணித்துவிட்டு மூன்று டம்ளர்களை எடுத்து வைத்தாள். உள்ளே, கொழுந்தன் கட்டிலோரத்தில், துரை ஸ்வெட்டரைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டு அதன் மேல் ஏறிப் படுத்தது.